வயிற்றுக்கு மருந்து, கண்ணுக்கு வினை



நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் மருந்துக்கென ஓர் இடம் உண்டு. சில வீடுகளில் அது பழைய பிஸ்கட் டப்பா. சில வீடுகளில் அலமாரியின் மேல்தட்டு. தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை, பாட்டியின் மூட்டுவலி மாத்திரை, சென்ற ஆண்டு பையனுக்குக் கண்வலி வந்தபோது வாங்கிய சொட்டு மருந்தின் மிச்சம், மருமகளின் காய்ச்சலுக்கு வாங்கியதில் எஞ்சிய நான்கு மாத்திரைகள் ஆகிய யாவும் அதனுள் கலந்து கிடக்கும். இவற்றுள் எது யாருக்கு, எதற்காக, எத்தனை நாள் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்பதற்கு மேல் நம்மவரின் மருந்தறிவு விரிவதில்லை.

மருந்து நோயைத் தீர்ப்பது, இதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் உறுப்புக்காக நாம் உட்கொள்ளும் மருந்து அவ்வுறுப்போடு நின்றுவிடுவதில்லை. அது குருதியில் கலந்து உடலெங்கும் உலவுகிறது, கண்ணையும் சென்றடைகிறது. வயிற்றுக்கென்றும் நெஞ்சுக்கென்றும் மூட்டுக்கென்றும் கொடுக்கப்பட்ட மருந்துகளால் கண்ணொளி இழந்தோர் உலகில் பலர் உளர். மருந்தையும் கண்ணையும் யாரேனும் ஒருவர் இணைத்துப் பார்த்து, உரிய நேரத்தில் வாய் திறந்து சொல்லியிருந்தால், அவர்களுள் பலருடைய பார்வை காப்பாற்றப்பட்டிருக்கும். இம்மாதம் நாம் சிந்திக்க விழைவது இதனைப் பற்றியே.

ஜப்பான் நாட்டில் 1950-களின் நடுவிலிருந்து ஒரு விந்தையான நோய் பரவலாயிற்று. முதலில் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும். பின்னர்க் கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்குப் பார்வை மங்கும், அவர்களுள்ளும் சிலருக்கு அது அறவே அணைந்துபோகும். ஒரே வட்டாரத்தில் பலருக்கு ஒருசேர வந்தமையால், இது தொற்றுநோய் என்றே அறிஞர் பலர் கருதினர், கிருமியைத் தேடினர். நோயுற்றோரை அயலார் அஞ்சி ஒதுக்கினர்.

உண்மைக் காரணமோ அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. வயிற்றுப்போக்குக்காகக் கொடுக்கப்பட்ட கிளியோகுயினால் என்னும் மருந்துதான் அது. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த, தீங்கற்றது என்று எல்லாரும் நம்பிய மருந்து. நோயாளிகள் சிலருடைய நாவிலும் சிறுநீரிலும் பச்சை நிறம் தோன்றுவதைக் கண்ட ஆய்வாளர்கள் அப்பச்சைப் பொருளைப் பகுத்து நோக்கினர். அது இம்மருந்தும் இரும்பும் சேர்ந்து உண்டான பொருள் என்பது 1970-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. நீகாட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் தடாவோ ட்சுபாக்கி என்பவர், நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் கால் மரத்துப்போகுமுன் இம்மருந்தை உட்கொண்டிருந்தனர் என்று எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு செப்டம்பர் திங்களில் அரசு அம்மருந்தின் விற்பனையை நிறுத்தியது. அதன்பின் புதிய நோயாளிகள் வருவது ஏறத்தாழ நின்றே போயிற்று. ஆனால் அதற்குள் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டுவிட்டனர். மருந்து உண்டாக்கிய வயிற்றுவலிக்கே மீண்டும் அம்மருந்தை மிகுதியாக உண்டவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை எண்ணுகையில் நெஞ்சம் பதைக்கிறது.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே. நெஞ்சுவலிக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் பயன்படும் பிராக்டலால் என்னும் மருந்து அங்கே 1970-ல் விற்பனைக்கு வந்தது. அதனை நெடுநாள் உட்கொண்டோர் சிலருக்குக் கண்ணீர் வற்றியது, கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் ஏற்பட்டது, கருவிழி பழுதுற்றது, சிலர் பார்வை இழந்தனர். இதயத்திற்காகச் சென்ற மருத்துவரிடம் நோயாளி தம் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. கண்ணுக்காகச் சென்ற மருத்துவரிடம் இதய மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. மருந்துகளின் தீய விளைவுகளை மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிப்பதற்காக மஞ்சள் அட்டை முறை என்றே ஒன்று அந்நாட்டில் 1964 முதல் நடைமுறையில் இருந்தது. இருந்தும் இவ்விளைவு நெடுநாள் புலப்படவில்லை. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் ரைட் என்னும் மருத்துவர் இத்தகைய நோயாளிகளைத் தொகுத்து 1975-ல் கட்டுரை வெளியிட்ட பின்னரே, 'நம்மிடமும் இப்படி ஒருவர் வந்தாரே' என்று நாடெங்கும் மருத்துவர்கள் நினைவுகூர்ந்து எழுதலாயினர். பொதுப் பயன்பாட்டிலிருந்து அம்மருந்தை விலக்கும் நடவடிக்கை அவ்வாண்டிலேயே தொடங்கியது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது யாது? மருத்துவர் எவ்வளவு வல்லவராயினும், தமக்குச் சொல்லப்படாத ஒன்றை அவர் அறிய இயலாது. நாம் உண்ணும் மருந்துகள் யாவும், நம் உடலில் தோன்றும் மாற்றங்கள் யாவும் ஒருங்கே தெரிந்த ஆள் ஒருவர்தான், அவர் நாமே. இனி, நம்மிடையே இன்றும் புழங்கும் மருந்துகள் சிலவற்றைக் காண்போம். அவற்றை அஞ்சி ஒதுக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. விழிப்போடு உட்கொள்ளவேண்டும் என்பதே.

முதலாவதாகக் காசநோய் மருந்து. காசநோய்க்குச் சேர்த்துக் கொடுக்கப்படும் மருந்துகளுள் எதாம்பியூட்டால் என்பது ஒன்று. நம் நாட்டில் அரசுத் திட்டத்தின்கீழ்ப் புதிய நோயாளிகளுக்கு முன்பு தொடக்க மாதங்களில் மட்டுமே இது கொடுக்கப்பட்டுவந்தது. நாள்தோறும் மருந்துண்ணும் முறை 2017-ல் நாடு முழுவதும் வந்தபின், சிகிச்சை நடைபெறும் ஆறு மாதங்களும் கொடுக்கப்படுகிறது. இம்மருந்து மிகச் சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கக்கூடும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கும், மருந்தின் அளவு மிகுந்தோருக்கும் இவ்வாபத்து கூடுதல். வலி இராது. இரு கண்களிலும் பார்வை மெல்ல மங்கும். பார்வையின் நடுவில் ஒரு மறைப்பு விழும். சிவப்பும் பச்சையும் மயங்கித் தோன்றும். 'சத்துக் குறைவு' என்றும் 'கண்ணாடி மாற்றவேண்டும்' என்றும் பலர் இதனைத் தள்ளிப்போடுவர். அங்கேதான் ஆபத்து. தொடக்கத்திலேயே தெரிவித்தால் மருத்துவர் அந்த ஒரு மருந்தை மட்டும் விலக்கி, மற்றவற்றைத் தொடர்ந்து அளிப்பார். பலருக்குப் பார்வை சில மாதங்களில் மீளும். தாமதித்தோருக்கு மீளாமலும் போகக்கூடும். எனவே இம்மருந்து உண்போர், சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியை ஒரே தொலைவில் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடி, வாரம் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை இது. மாற்றம் தெரிந்தால் அன்றே மருந்து கொடுத்த இடத்திற்குச் செல்லவேண்டும். தாமாகவே எல்லா மருந்தையும் நிறுத்திவிடுதல் கூடவே கூடாது. காசநோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும்.

இரண்டாவது, முடக்குவாதத்திற்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸி குளோரோகுயின் மாத்திரை. மலேரியாக் காய்ச்சலுக்குரிய குளோரோகுயினின் உறவு மருந்து இது. குளோரோகுயின் விழித்திரையைக் கெடுக்கக்கூடும் என்பது 1959-லேயே மருத்துவ ஏடுகளில் வெளிவந்த செய்தி. ஹைட்ராக்ஸி குளோரோகுயின் அதனினும் பாதுகாப்பானது. முதல் ஐந்தாண்டுகளில் தீங்கு நேர்வது மிக அரிது. ஆனால் ஆண்டுகள் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. விழித்திரையின் நடுப்பகுதியைச் சூழ்ந்து வட்டமாகப் பழுது உண்டாகிறது. உண்டான பழுது நீங்குவதில்லை. மாத்திரையை நிறுத்திய பின்னும் வளர்வதுண்டு. எனினும் நோயாளி உணருமுன்னரே கருவிகளின் துணையால் இதனைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது பெரும் ஆறுதல். நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவு, மருந்து தொடங்கிய ஓராண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனை என்று அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் 2016-ல் நெறி வகுத்துள்ளது. சிறுநீரகக் குறையுடையோர் முன்னதாகவே பரிசோதனையைத் தொடங்கவேண்டும். பத்தாண்டுகளாக ஒரே சீட்டைக் காட்டி இம்மாத்திரையை வாங்கி உண்ணும் தாய்மார்கள் நம் ஊர்களில் இல்லையா? அவர்களுடைய விழித்திரையைக் கடைசியாகப் பார்த்தவர் யார்?

மூன்றாவது, நாமே வலிய வாங்கிக்கொள்ளும் வினை. கண் சிவந்தால் மருந்துக் கடைக்குச் சென்று 'ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்' என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வாறு பெறுபவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. விட்ட சில நாழிகையில் சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும். 'கைகண்ட மருந்து' என்ற நற்பெயர் அதற்குக் கிடைத்துவிடும். ஆண்டுதோறும் வெயில் காலத்தில் கண் அரிப்பால் வருந்தும் சிறுவர்களுக்கு, தாயார் அதனையே மாதக்கணக்கில் வாங்கி விடுவார்கள். ஸ்டீராய்டு மருந்தால் சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறுகிறது. எவருக்கு ஏறும் என்பது முன்கூட்டித் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். அழுத்தம் ஏறியதும் வலி தோன்றுவதில்லை. பார்வை நரம்பு சிறிது சிறிதாகப் பட்டுப்போகிறது. பக்கப் பார்வை முதலில் சுருங்குகிறது. பிள்ளை கரும்பலகையை நேரே பார்த்துப் படிக்கிறான். பக்கத்தில் வரும் மிதிவண்டியில் மோதிக்கொள்கிறான். கிளாக்கோமா எனப்படும் இந்நோயில் இழந்த பார்வையை மீட்க எந்தச் சிகிச்சையாலும் இயலாது. எஞ்சியதைக் காக்கவே இயலும். கண் கெட்டபின் சூரிய வணக்கம் என்னும் முதுமொழி இவ்விடத்தில் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு, சொட்டாயினும் மாத்திரையாயினும், இளவயதிலேயே கண்புரையையும் உண்டாக்கக்கூடும்.

உழவர் பெருமக்களுக்கு இன்னொரு சொல். கதிரடிக்கையில் உமி தெறித்தோ, கரும்புத் தோகை கீறியோ கருவிழியில் புண் உண்டானால், அதில் பூஞ்சைக் கிருமி குடியேறுவது நம் நாட்டில் மிகுதி. அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் எரியும் அடுப்பில் எண்ணெய் வார்த்தாற்போலாகும். உடலின் காவலை அது தணித்துவிடுகிறது; பூஞ்சை தங்குதடையின்றி வளர்கிறது. பக்கத்து வீட்டாருக்கு நலம் தந்த சொட்டு மருந்து நமக்குக் கண்ணையே வாங்கிவிடக்கூடும். ஸ்டீராய்டுச் சொட்டு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். சீட்டின்றி வாங்கலாகாது என்பதை நம் இல்லத்தின் சட்டமாக நாமே ஆக்கிக்கொள்வோம்.

நான்காவது, அரிதாயினும் எல்லாவற்றினும் கொடியது. 1922-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மருத்துவர்களான ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் இருவர், கடும் காய்ச்சலோடு தோலில் கொப்புளங்களும் வாயில் புண்ணும் கண்ணில் கடும் அழற்சியும் கண்ட இரு சிறுவர்களைப் பற்றி எழுதினர். அவர்கள் பெயராலேயே அந்நோய் இன்று வழங்குகிறது. பெரியவர்களுக்கு இது வருவதற்குப் பெரும்பாலும் மருந்தே காரணம். சல்பா மருந்துகள், வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின், கார்பமாசிபைன், லாமோட்ரிஜின் போன்றவை, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால், வலி நீக்கும் மருந்துகள் சில ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. பத்து இலட்சம் மக்களில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே இது நேர்கிறது. ஆனால் நேர்ந்த வீட்டில் அந்தக் கணக்கு ஆறுதல் தருவதில்லை.

புதிய மருந்தொன்றைத் தொடங்கிய சில நாள்களிலிருந்து எட்டு வாரங்களுக்குள் இது பெரும்பாலும் தலைகாட்டும். காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் ஆகியவை முதலில் வரும்; சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே தோன்றும். பின்னர்த் தோலில் செந்திட்டுகள், கொப்புளங்கள், உதட்டிலும் வாயிலும் புண்கள் தோன்றும். தீப்புண் பட்டவரைப்போல் தோல் உரியும். இவ்வடையாளங்கள் தெரிந்தால், அந்த மருந்தின் அடுத்த வேளையை விழுங்குமுன்னரே பெரிய மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

அங்கே மருத்துவர்கள் உயிரைக் காக்கப் போராடுவார்கள். அப்போராட்டத்தில் கண் பின்னுக்குத் தள்ளப்படுவதுண்டு. நோயாளி பிழைத்து எழுவார், ஆனால் இமை விழியோடு ஒட்டியிருக்கும், கண்ணீர் வற்றியிருக்கும், உள்நோக்கி வளைந்த இமைமயிர் கருவிழியைக் கிழித்துக்கொண்டேயிருக்கும். முதல் சில நாள்களுக்குள் கண் மருத்துவர் வந்து பார்த்து, ஒட்டாமல் காத்து, தேவைப்படுவோருக்குப் பனிக்குடச் சவ்வை விழிமேல் போர்த்தினால், இக்கேட்டைப் பெரிதும் தடுக்கலாம். பிள்ளைப்பேற்றின்போது கிடைக்கும் அச்சவ்வு அழற்சியைத் தணிக்கும் ஆற்றலுடையது. ஆகவே நம் உறவினர் எவரேனும் இந்நோயால் படுக்கையில் கிடந்தால், நாம் மறவாது பணிவோடு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, கண் டாக்டர் வந்து பார்த்துவிட்டாரா?" இந்த ஒரு கேள்வி வாழ்நாள் முழுவதற்குமான பார்வையைக் காத்துவிடலாம்.

காலம் தப்பியபின் கண்தானத்தால் பெற்ற கருவிழியைப் பொருத்தினாலும் அது பெரும்பாலும் நிலைப்பதில்லை. வறண்ட நிலத்தில் நட்ட நாற்றுப்போல் அது வாடிவிடுகிறது. அத்தகையோருக்கென ஸ்டிராம்பெல்லி என்னும் இத்தாலிய மருத்துவர் 1960-களில் ஒரு வியத்தகு அறுவை முறையைக் கண்டார். நோயாளியின் சொந்தப் பல் ஒன்றை அதன் எலும்போடு எடுத்துச் செதுக்கி, நடுவே ஒளிபுகும் சிறு வில்லையைப் பதித்து, விழியில் பொருத்துவதே அம்முறை. நம் சென்னையிலும் இது செய்யப்பட்டுள்ளது. பல கட்டங்களாக நடைபெறும் கடினமான சிகிச்சை இது. மனித அறிவின் திறனை வியக்கிறோம். ஆயினும் பல்லைப் பிடுங்கிக் கண்ணில் வைக்கும் நிலை எவருக்கும் வாராதிருப்பதன்றோ நலம்?

கார்பமாசிபைன் மருந்துக்கு இவ்விளைவு யாருக்கு வரும் என்பதில் பிறவிக் கூறு ஒன்றுக்குப் பங்கு உண்டு என்று தைவான் நாட்டு ஆய்வாளர்கள் 2004-ல் கண்டறிந்தனர். ஆசிய மக்களிடையே அக்கூறு மிகுதியாதலால், மருந்து தொடங்குமுன் குருதியைச் சோதிக்கும்படி அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2007-ல் அறிவுறுத்தியது. வலிப்புக்கு முதன்முறையாக மருந்து தொடங்குவோர் இச்சோதனையைப் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. ஏற்கெனவே நெடுநாளாக நலமுடன் உண்டுவருவோர் இதனைப் படித்து அஞ்சி நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாக மீளும்.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை?

ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். உண்ணும் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், எந்த நோய்க்கு என்பவற்றை அதில் எழுதுக. ஏதேனும் ஒரு மருந்து எப்பொழுதேனும் ஒவ்வாமல் போயிருந்தால், அதன் பெயரைச் சிவப்பு மையினால் பக்கத்தின் தலைப்பில் எழுதுக. ஒருமுறை ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயை உண்டாக்கிய மருந்து மறுமுறை உயிரையே பறிக்கக்கூடும். கடைகளில் ஒரே மருந்து பற்பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரையே எழுதவேண்டும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் மருத்துவரேயாயினும், அவ்வேட்டை எடுத்துச் செல்க.

மருந்தால் தீங்கு நேர்ந்தது என்று ஐயுற்றால், அதனை மருத்துவரிடம் சொல்வதோடு அரசுக்கும் தெரிவிக்கலாம். இதற்கென இந்திய மருந்து விழிப்புக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இயங்கிவருகிறது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அதன் மையங்கள் உள்ளன. 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நோயாளியோ உறவினரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். குற்றம் சாட்டுவதற்கன்று இம்முறை. ஒருவருக்கு நேர்ந்ததைப் பத்துப் பேர் சொல்லும்போதுதான் மருந்தின் மறைந்த குணம் வெளிப்படும். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் ஆண்டுக்கணக்கில் புலப்படாமல் இருந்தது அதுவே.

நம் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களுக்கு மருந்தட்டையின் சிறிய எழுத்தைப் படிக்க இயலாது. பார்வை மங்கினாலும் 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று வாய்மூடி இருந்துவிடுவார்கள். இந்த ஞாயிறு மாலை அவர்கள் அருகில் அரைமணி நேரம் அமருங்கள். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும், "தாத்தா, கண் எப்படித் தெரிகிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையையும் அதே பக்கத்தில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அதனைக் காட்டுங்கள்.